கறை எடுப்பவனும் அண்ணியின் பிளாஸ்க்கும்

சலவைக்கடையில் அவனை எல்லோரும் லண்டன் என்றுதான் கூப்பிடுவோம். விமானம் ஏறிய ஆள் இல்லை. பேருந்து நிலையம் வரை நடந்து வந்தாலே முட்டி வலிக்கிறது என்பான். ஆனால் விக்டோரியா ராணி காலத்து லண்டன் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. எந்தச் சந்தில் பனிமூட்டத்துக்குள் குதிரைவண்டி நின்றது, எந்த மாளிகையில் கியாஸ் விளக்கு அணைந்தது, எந்தப் பிரபு உயிலை மாற்றி எழுதிய மறுநாள் மாடிப்படியில் விழுந்தார், எல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொல்வான். அந்தக் காலத்துக் கொலைக் கதைகள் என்றால் அவனுக்கு உயிர். பழைய புத்தகக் கடைக்காரர் அந்த மாதிரி ஒன்று வந்தால் வேறு யாருக்கும் காட்டாமல் இவனுக்கு எடுத்து வைப்பார். அட்டை இருக்காது, நடுவில் சில தாள் இருக்காது. இவன் அந்த இடத்தைத் தன் மண்டையாலேயே நிரப்பிக்கொள்வான்.

வேலையில் கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. துணியைப் போட்டுச் சுழற்றுகிற இயந்திரம் என் பொறுப்பு. அதில் போடுவதற்கு முன்னால் கறை பட்ட உருப்படியெல்லாம் அவன் மேசைக்குப் போகும். வெள்ளைப் பளிங்கு மேசை, தலைக்கு மேல் ஒரு விளக்கு, பக்கத்தில் வரிசையாக மருந்துப் புட்டிகள். டீக் கறைக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று, மைக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று. துணியை மூக்குக்கிட்டே கொண்டுபோவான், நகத்தால் சுரண்டுவான், ஒரு சொட்டு விடுவான். இந்த வேலையே அவனைக் கெடுத்தது என்று நான் சொல்வேன். சட்டைக் கையைப் பார்த்து ஆளைச் சொல்லும் துப்பறிவாளர்களைப் படித்துவிட்டு அந்த மேசையில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் தலை திரும்பாது?

மதியம் கொதிகலனுக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படிப்பான். முகத்தில் ஒரு சிரிப்பு ஊறிக்கொண்டே இருக்கும். இஸ்திரி போடுகிற அக்காவுக்கு அது பொறுக்காது.

"யாரு செத்தான்னு இப்படிச் சிரிக்கிறே?"

"ஒரு சீமான்க்கா. சூப்புல பாஷாணம்."

"நல்லவனா?"

"இல்லை. ஊரை ஏமாத்தினவன்."

"நல்லவனா இருந்தா சிரிக்க மாட்டியா?"

லண்டன் கொஞ்சம் யோசித்தான். "நல்லவனா இருந்தா கதை இன்னும் நல்லா இருக்கும்க்கா," என்றான்.

அக்கா இஸ்திரியைத் தூக்கிக் காட்டி, "இதை உன் மூஞ்சியில வெச்சா சரியாப் போகும்," என்றது.

லண்டனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கென்று இருந்தது ஒரு அண்ணன். எங்கள் கடைக்கு அடுத்த கடைக்கு அடுத்து, ஆள் நிற்க மட்டும் இடமுள்ள ஒரு பெட்டிக்கடையில் பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பவர். முதல் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கிடந்தார். மகளைக் கட்டிக் கொடுத்ததும் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு அம்மாவை இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டார். அதிகம் பேசாத அம்மா. பேசினால் நேரே பேசும். மதியம் வேலைக்குப் போகிற வழியில் அண்ணனுக்கு ஆரஞ்சுச் சாறு ஒரு பிளாஸ்க்கில் கொண்டுவரும். அந்த நேரத்தில் அண்ணன் ஜிப் வாங்க மொத்தக் கடைக்குப் போயிருப்பார். அதனால் பிளாஸ்க்கை எங்கள் கல்லா மேசையில் வைத்து, "உங்க அண்ணன் வந்தா குடுத்துடுங்க தம்பி," என்று லண்டனிடம் சொல்லிவிட்டுப் போகும்.

அண்ணன் இளைக்க ஆரம்பித்தார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கேட்டால் வெயில், வேலை, வயசு என்று ஏதாவது சொல்வார்.

அவருடைய துணியும் எங்கள் கடைக்குத்தான் வரும். ஒரு நாள் அவர் கைக்குட்டையில் கறுப்பும் பழுப்புமாக ஒரு கறை. வாய் துடைத்த கறை என்று லண்டன் பார்த்ததுமே சொல்லிவிட்டான். டீக்கு விடுவதை விட்டான், அசையவில்லை. ரத்தத்துக்கு விடுவதை விட்டான், அதுவும் இல்லை. துருவுக்கு விடுவதை ஒரு சொட்டு விட்டான், கறை கரைந்து ஓடிவிட்டது. கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இது உலோகம்," என்றான்.

"எது?"

"இவர் வாயில இருந்தது."

"ஜிப்பைப் பல்லால கடிச்சு இழுத்திருப்பார். போய் வேலையைப் பாருய்யா."

அவன் போனான். ஆனால் அன்றையிலிருந்து ஆளே மாறிவிட்டான். சாதாரணமாகச் சிடுமூஞ்சி, காலையில் வந்ததும் தண்ணீர் சூடாகவில்லை என்று என்னிடம் சண்டை போடுகிறவன், சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். இஸ்திரி அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். மதியம் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவான், பிறகு பழக்கடைப் பக்கம் போவான், திரும்பி வருவான். அண்ணனுக்குப் பழம் வாங்குகிறான், பாசக்காரன் என்று நாங்கள் நினைத்தோம். இத்தனை வருஷத்தில் அவனை அப்படிக் கலகலப்பாக நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு நாள் அண்ணன் பெட்டிக்கடையிலேயே சுருண்டு விழுந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். நானும் லண்டனும் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணி மருந்துக்கடை மேல்சட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்தார். அண்ணன் மகளும் வந்து சேர்ந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்து அண்ணியைப் பார்த்துத்தான் பேசினார். வயிற்றுப் புண் உள்ளுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறதாம், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அதற்கு ரத்தம் ஊற வேண்டும் என்றுதான் இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தாராம், தினமும் மதியம் பழச்சாறில் கலந்து. "ரத்தம் ஏறியிருக்கணும்மா. முன்னைவிடக் குறைஞ்சு கிடக்கு. குடுத்தீங்களா இல்லையா?"

"தினமும் குடுத்தேன் டாக்டர்," என்றார் அண்ணி.

"குடுத்திருந்தா இப்படி இருக்காது."

அண்ணன் மகள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய வியாதி, என்கிட்ட ஏன் சொல்லலை சித்தி?"

"அப்பாதான் யாருக்கும் சொல்லாதேன்னார். உன் சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா ஒண்ணை ஒன்பதாக்கிக் கதை கட்டுவார்னு, பாட்டில்ல இருந்த பேரைக்கூடக் கிழிக்கச் சொன்னார்."

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். லண்டன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். இரும்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் துருவுக்கு விடுகிற மருந்து எடுக்க அவன் அலமாரியைத் திறந்தேன். பின் வரிசையில் சின்னச் சின்னப் புட்டிகள், உள்ளே பழுப்பாக ஏதோ பூசணம் பூத்துக் கிடந்தது.

"என்னய்யா இது?"

லண்டன் என் கையைப் பிடித்துக் கொதிகலன் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "ஆதாரம்," என்றான். 

"எதுக்கு ஆதாரம்?"

அப்போதுதான் சொன்னான். இரண்டாவது மனைவி, மருந்துக்கடை வேலை, பேர் கிழித்த பாட்டில், அவன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அதைச் சட்டென்று சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் தள்ளிய கை, பிளாஸ்க்கைத் திறந்தால் பழைய ஆணி வாசம். அவன் படித்த கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்குமாம். தினமும் அண்ணி கொண்டுவந்ததில் கொஞ்சம் புட்டியில் எடுத்து வைத்து, மீதியைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டு, பழக்கடையில் வெறும் ஆரஞ்சுச் சாறு வாங்கி ஊற்றி வைத்திருக்கிறான். கைக்குட்டையில் கறை நின்றுபோனதும் கெலித்துவிட்டோம் என்று இருந்திருக்கிறது. அண்ணன் மேலும் இளைத்ததும், வீட்டில் காலையிலும் வைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறான்.

"மருந்தையாடா கொட்டினே?"

"அண்ணனைக் காப்பாத்தத்தான் பண்ணேன்."

"அப்போ அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"ஆதாரம் சேரட்டும்னு இருந்தேன்."

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "இப்பவே போய்ச் சொல்லு," என்றேன்.

"சொல்றேன். ஆபரேஷன் முடியட்டும். இப்போ சொன்னா அண்ணனுக்கு அதிர்ச்சி."

ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. லண்டன் சொல்லவில்லை. தையல் பிரியட்டும் என்றான். தையலும் பிரித்தாயிற்று, ரெண்டு வாய் தெம்பாகச் சாப்பிடட்டும் என்றான். இதற்குள் அண்ணன் மகள் மருந்து எல்லாவற்றையும் தன் பையில் வைத்துக்கொண்டாள். வேளாவேளைக்கு அவளே கொடுத்தாள். அண்ணி கட்டிலருகே போனால் இவள் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். சத்தம் போட்டு ஒரு வார்த்தை இல்லை, சண்டை இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணிக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு முறை நடையில் என்னைப் பிடித்துக் கேட்டார். "அண்ணே, இப்பல்லாம் மருந்து வாசமே தெரியலை, நல்லாக் கலக்கறேன்னு இவர் ஒரு நாள் சொன்னார். பழகிப்போச்சு போலன்னு விட்டுட்டேன். நான் கலக்கவே மறந்திருப்பேனோ? மருந்துக்கடையில நாள் பூரா பாட்டிலும் கையுமா இருக்கேன். வீட்ல எடுத்தேனா, கடையில எடுத்தேனான்னு குழம்பியிருப்பேனோ?"

நான் லண்டனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதற்கு முந்தைய நாள் மகள் முடிவைச் சொல்லிவிட்டாள். அப்பா நேரே என் வீட்டுக்கு வருவார், நான் பார்த்துக்கொள்கிறேன், சித்தி அவங்க அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அண்ணி கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள், "நீங்க பேசாம இருங்கப்பா, மூச்சு வாங்குது," என்று அடக்கிவிட்டாள்.

அண்ணி எழுந்து நடைக்கு வந்து தன் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் லண்டன் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். தள்ளியிருக்காவிட்டால் அங்கேயே வேர் விட்டிருப்பான்.

அவர் முன்னால் போய் நின்றான். மகளும் தண்ணீர் பிடிக்க அந்த வழியாக வந்தாள்.

"அண்ணி, நீங்க குடுத்த மருந்து அண்ணனுக்குப் போகவே இல்லை. பிளாஸ்க்ல இருந்ததை நான் கொட்டிட்டு வேற ஊத்தினேன்."

"என்ன சித்தப்பா உளர்றீங்க?" என்றாள் மகள்.

"அதுல விஷம் கலந்திருக்குன்னு நினைச்சேன்மா."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "யாரு கலந்தான்னு?"

லண்டன் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி. யாரு?"

"நீங்க."

நடையில் ஒரு நர்ஸ் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் போகும்வரை லண்டனும் மகளும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பிறகு அண்ணிதான் பேசினார், ஏதோ கடையில் மருந்துச் சீட்டைப் பார்த்துச் சந்தேகம் கேட்கிற மாதிரி.

"அப்படி நினைச்சா போலீஸ்ல சொல்லியிருக்கணும். உங்க அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கணும். ஏன் சொல்லலை?"

என்னிடம் சொன்னதையே சொல்வான், ஆதாரம் சேரட்டும் என்று இருந்தேன் என்பான் என்று நினைத்தேன். அவன் வாய் அதற்குத்தான் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

"சொன்னா அதோட முடிஞ்சிடும்ல அண்ணி."

"எது முடிஞ்சிடும்?"

"நல்லா இருந்துச்சு," என்றான் லண்டன். "தினமும் காலையில எழுந்திரிக்கும்போதே, இன்னிக்கு என்ன கிடைக்கும்னு இருந்துச்சு. நீங்க பிளாஸ்க்கை வெச்சுட்டுப் போறப்போ உங்க கையைப் பார்ப்பேன். கதையில அந்தப் பொம்பளை கையுறை போட்டிருப்பா, நீங்க மருந்துக்கடை ரப்பர் கையுறை போட்டிருப்பீங்க. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். அண்ணன் இளைக்க இளைக்க, ஐயோ இளைக்கிறாரேன்னு எனக்கு வரலை. அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னுதான் வந்துச்சு. ஒரு பக்கத்தைப் புரட்டுற மாதிரி பார்த்துட்டு இருந்தேன், அண்ணி. கூடப் பொறந்தவன்."

அழுவான் என்று பார்த்தேன். அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

மகள் தண்ணீர்ப் பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். உள்ளே போனாள். தன் பையிலிருந்த மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் ஒரு துண்டில் வைத்து எடுத்துவந்து அண்ணியின் மடியில் வைத்தாள். "நைட்டு மாத்திரை இன்னும் குடுக்கலை சித்தி," என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அண்ணியும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எழுந்து கட்டிலருகே போனார். மகள் ஸ்டூலை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

அண்ணனுக்கு விஷயம் போனதும் அவர் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "என்னைக் கொன்னா என்னடா கிடைக்கும்? ரெண்டு டஜன் ஜிப்பும் ஒரு ஓட்டைத் தையல் மெஷினும். அதுக்கு ஒருத்தி பாஷாணம் தேடுவாளா?" லண்டனும் சிரிக்கப் பார்த்தான். அண்ணி சிரிக்கவில்லை. மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணன் தன் வீட்டுக்கே போனார், அண்ணியோடு.

லண்டன் அந்த வாரமே தன் புத்தகங்களை மூட்டை கட்டிப் பழைய கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான். காசு வேண்டாம் என்றானாம். மதியம் கவிழ்த்த வாளியில் சும்மா உட்கார்ந்திருப்பான். இஸ்திரி அக்கா, "என்ன, இன்னிக்கு லண்டன்ல யாரும் சாகலையா?" என்று ஒரு நாள் கேட்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டில் பாதியை அவன் தட்டில் தள்ளியது.

அந்த விரதம் நிலைக்கவில்லை. மழைக்காலம் வந்து வேலை குறைந்த ஒரு மதியம், நீராவிக் குழாய்க்குப் பின்னால் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு போர்வையை இழுத்து மடியில் போட்டு மூடினான், குடிகாரன் பாட்டிலை மறைக்கிற மாதிரி. போர்வையை விலக்கினேன். அட்டை இல்லாத புத்தகம், முதல் பக்கத்திலேயே பனிமூட்டமும் குதிரைவண்டியும்.

"திருந்தவே மாட்டியா?"

"விட முடியலைப்பா," என்றான். "படிச்சா இன்னமும் நல்லாத்தான் இருக்கு. அதுதான் கேவலமா இருக்கு."

"இதுல யாரு கொலைகாரி?"

"இன்னும் தெரியலை. எல்லாரும் அந்த இரண்டாந்தாரத்தைச் சொல்றாங்க. அவ இல்லைன்னு வரணும்னு வேண்டிக்கிட்டே படிக்கிறேன். ஆனா அவளா இருந்தாலும் ராத்திரி தூக்கம் வராம முழுசாப் படிச்சு முடிப்பேன். என்னை எனக்குத் தெரியும்."

நான் போர்வையை மறுபடி அவன் மடியில் போட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

அண்ணன் பழையபடி கடைக்கு வர ஆரம்பித்தார். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அண்ணி இப்போது பிளாஸ்க்கை எங்கள் கடையில் வைப்பதில்லை. அண்ணன் வரும்வரை பெட்டிக்கடை வாசலிலேயே நின்று, கையில் கொடுத்து, குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு போகிறார். வேலைக்கு நேரமாகிறதே என்று அண்ணன் சொன்னால், "ஆகட்டும்," என்பார்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. இரண்டு அறை, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். அண்ணி எங்களை வாங்க என்று சொல்லி உட்கார வைத்தார். லண்டனிடம் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

டீ கொண்டுவந்தார். என் கோப்பையை நேரே என் கையில் கொடுத்தார். லண்டன் கோப்பையை மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு கரண்டி. அந்தக் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி டீயை எடுத்து, லண்டன் பார்க்க, தன் வாயில் விட்டு விழுங்கினார். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கோப்பையை அவன் பக்கம் தள்ளினார்.

"குடிங்க தம்பி. ஆறிடும்."

அண்ணன் தரையைப் பார்த்தார். இது இன்றைக்குப் புதிதாக நடப்பது அல்ல என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எனக்கு என் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணி அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்க குடிங்கண்ணே. நீங்க ஒண்ணும் நினைக்கலையே."

லண்டன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தான். அண்ணி எதிரில் நின்றுகொண்டே இருந்தார். சொட்டு விடாமல் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார் அண்ணி.

"ஊத்துங்க அண்ணி," என்றான் லண்டன்.

அவர் ஊற்றினார். மறுபடி கரண்டியை எடுத்தார்.